பாதிச் சந்தகை மரம்

சேலத்திலிருந்து மடியில் வைத்துச் சுமந்து வந்த கூஜாத் தண்ணீர் முழுவதையும் ராசிபுரம் தாண்டியதும் பஸ்ஸே குடித்துவிட்டது. முன்பக்கம் குபுகுபுவென்று ஆவி கிளம்ப, டிரைவர் இறங்கி, துண்டால் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "தண்ணி வெச்சிருக்கறவங்க மனசு வெச்சுக் குடுங்க சாமி. இல்லீன்னா எல்லாரும் நடக்க வேண்டியதுதான்" என்றார். அத்தனை பேர் கண்ணும் என் பித்தளைக் கூஜாவின்மேல் விழுந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் விடுவாரா? கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பதில் அவருக்கு நிகர் அவர்தான். கூஜாவைப் பிடுங்கிக் கொடுத்துவிட்டு, பஸ் கிளம்பினதும் "தாகமா இருக்கே" என்றவரும் அவரேதான்.

அவர் பெயர் சூசை. லாரி புக்கிங் ஆபீசில் கணக்குப் பிள்ளை. எங்கள் வீட்டில் ஏதாவது கைதவறி உடைந்தால் நான் "சேசு மரி சூசை!" என்று கத்துவேன், உள்ளேயிருந்து "என்னடி?" என்று பதில் வரும். கல்யாணமான நாள் முதலாக இதே கதை.

எனக்கு வேலை டவுனில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளிக்கூடத்தில். தையல் டீச்சர். கோடை லீவு விட்டதும் மதர் கூப்பிட்டு, "மோகனூர்ப் பக்கம் ஒரு பழைய பண்ணையிலே அந்தக் காலத்து உழவுச் சாமான், வீட்டுச் சாமான் எல்லாத்தையும் ஒரு கொட்டகையிலே சேர்த்து வெச்சிருக்காங்களாம். கோடையிலே எல்லாத்தையும் எடுத்து வேலையும் செஞ்சு காட்டுவாங்களாம். ஸ்கூல் திறந்ததும் பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போகலாமான்னு நீங்க பார்த்துட்டு வாங்க டீச்சர்" என்றார். இத்தனை டீச்சர்கள் இருக்க என்னை ஏன் அனுப்பினார் என்று எனக்குத் தெரியும். என்னிடம் யாரும் குப்பையைக் காட்டி மாணிக்கம் என்று சொல்லிவிட முடியாது. பண்ணை என்றதும் நாட்டுக்கோழி ஞாபகம் வந்து சூசையும் லீவு போட்டுவிட்டார்.

வியாழக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். சேலத்து வெய்யில் பாறையில் பட்டுத் திரும்பி வந்து முகத்தில் அறையும். இங்கே வெய்யில் நேராக வந்து விளைகாட்டில் படுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். காவிரி முழுக்க மணல். நடுவில் வேட்டி காயப்போட்ட மாதிரி கொஞ்சம் தண்ணீர். மேட்டூரில் திறந்துவிட்டால்தான் ஆறு மறுபடி ஆறு என்றார் எங்களைப் பண்ணைக்குக் கொண்டுவிட்ட வண்டிக்காரர்.

பண்ணை வீட்டம்மாள் வாசலுக்கே வந்து எதிர்கொண்டார். நல்லம்மாள் என்று பெயர். என் வயதுதான் இருக்கும், நல்ல உயரம், காதில் கனத்த தோடு. சொம்பில் தண்ணீரை நீட்டி, "வாங்க, வாங்க. தொலைவுலிருந்து வாரீங்க, மொதல்ல தண்ணி குடிங்க சாமி" என்றார். சூசை அந்தச் சொம்பை முடித்து இன்னொன்றும் வாங்கிக் குடித்தார். பிறகுதான் அம்மாள் கேட்டார்:

"வேதக்காரங்களுங்களா?"

"ஆமாம்மா, கிறிஸ்தவங்கதான்."

"அதனாலென்னங்க, ஊடு தேடி வந்த ஒறம்பரை ஒறம்பரைதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே பார்த்து, "ராசாமணி, வெந்தண்ணி வையி கண்ணு" என்றார். ராசாமணி அவர்களுடைய மகள், ஒரே பிள்ளை. வட்ட முகம். பேச்சு குறைவு. ஆனால் நம்மைப் பார்க்கிற பார்வையில் ஒன்றும் குறைவு இல்லை.

மறுநாள் காலையில் கொட்டகையைப் பார்க்கப் போனோம். சுற்று வட்டாரத்தில் அதற்குச் சாமான் கொட்டாய் என்று பெயர். நீளமான கொட்டகை, பனை ஓலைக் கூரை, கீழே சாணம் மெழுகின தரை. நல்லம்மாளின் மாமனார் காலத்தில் சேர்த்தவை எல்லாம். மரக் கலப்பைகள், விதை போடும் கூர்முனைக் குழாய்கள், நெல் கொட்டி வைக்கும் குதிர்கள், மாட்டை ஓட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் ஆளுயரத் தோல் சால். பட்டணத்துக் கண்காட்சி மாதிரி கண்ணாடிக்குள் பூட்டி "தொடாதே" என்று எழுதிப் போட்டிருக்கவில்லை. ஒவ்வொன்றும் எண்ணெய் பூசிப் பளபளவென்று இருந்தது.

"வருசத்துக்கு ஒருக்காவாச்சும் எல்லாச் சாமானும் வேலை செய்யோணுமுங்க. வேலை செய்யாத சாமானுக்கு எண்ணெய் எதுக்குன்னு கேப்பாரு எங்க மாமனாரு" என்றார் நல்லம்மாள்.

எனக்குப் பிடித்துப்போயிற்று. மதரிடம் சொல்ல மனசுக்குள் வார்த்தை தேடிக்கொண்டே நடந்தேன். நடந்தால், கொட்டகையின் பாதியில் வழி நின்றுவிட்டது. குறுக்கே கூரை வரைக்கும் ஒரு படல். பனை மட்டையும் ஓலையும் வைத்து இறுக்கிக் கட்டின வேலி. ஆட்டுப்பட்டிக்குக் கட்டுகிற வேலியை வீட்டுக்குள் கட்டி வைத்திருந்தார்கள்!

அப்போதுதான் மற்றதையும் கவனித்தேன். உரல் இருந்தது, உலக்கை இல்லை. ஆட்டுக்கல் இருந்தது, அதன் குழியில் குழவி இல்லை. திருகையில் கீழ்க்கல் மட்டும். சால் இருந்தது, அதைக் கட்டி இழுக்கும் வடக்கயிறு இல்லை.

"இதென்னம்மா, எல்லாம் பாதி பாதியா இருக்கு?" என்று கேட்டே விட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு எப்போது தெரிந்திருக்கிறது?

"மீதி அந்தப் பக்கமுங்க" என்று படலைக் காட்டிவிட்டு, "வெய்யில் ஏறுது, வாங்க சோறு உங்கலாம்" என்று முன்னால் நடந்தார்.

மத்தியானம் தலைவாழை இலை. இலை நிறைய நாட்டுக்கோழிக் குழம்பும் வறுவலும். மிளகும் தேங்காயும் அரைத்துவிட்ட வாசனை கொட்டகை வரைக்கும் வந்துகொண்டிருந்தது. சூசை முதல் கவளத்தைப் பிசைந்து உருட்டி வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோன சமயம் எனக்கு உறைத்தது.

"சேசுவே! இன்னைக்கு வெள்ளிக்கிழமை!"

வெள்ளிக்கிழமை நாங்கள் கவிச்சி தொடுவதில்லை. ஆண்டவர் பாடுபட்டு மரித்த நாள். சூசை கையை இறக்கினார். அப்போது அவர் என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் பாவமாக இருக்கிறது. இருக்கட்டும். நல்லம்மாளின் முகம்தான் சட்டென்று வாடிவிட்டது.

"ஏனுங்க, எங்க ஊட்டுல கை நனைக்கப் புடிக்கலீங்களா?"

ஐயையோ என்று எழுந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, எங்கள் விரதத்தைச் சொன்னேன். கேட்டதும் அந்தம்மாள் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

"அட கருமமே! நாங்களும் வெள்ளிக்கிழமை கவிச்சி எடுக்கமாட்டமுங்க. வேதக்காரங்களுக்குக் கறி இல்லாம சோறு எறங்காதுன்னு யாரோ சொன்னாங்கன்னு, உங்களுக்காவ இன்னைக்கு அடிச்சமுங்க!"

ஆக அந்த வீட்டில் அந்தக் கோழியைத் தின்ன ஓர் ஆள் இல்லை. கோழி செத்ததுதான் மிச்சம். சூசை ஒரு நாள் தாங்குமா என்று குழம்புச் சட்டியைப் பார்த்துக் கேட்டார். தாங்காது என்று அது காட்டு வேலைக்காரர்களுக்குப் போயிற்று.

"சித்தெ இருங்க, வேற ஏதாச்சும் பண்ணுறேன். சந்தகை புழிஞ்சா..." என்று எழுந்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டு, திரும்ப உட்கார்ந்தார். சிரிப்பெல்லாம் போய்விட்டது. ராசாமணி தண்ணீர்ச் சொம்பை வைத்துவிட்டு அம்மாவையே பார்த்தாள்.

"சந்தகை வேண்டாம்மா, ரசஞ்சோறே போதும்" என்றேன்.

"வேணும்னாலும் முடியாதுங்க. இந்த ஊட்டுல சந்தகை புழிஞ்சு நாலு வருசமாச்சு."

சேலத்தில் இடியாப்பம் என்போமே, அதற்குத் தம்பி மாதிரி இந்தச் சந்தகை. அரிசியை ஆட்டி வேகவைத்து, சூட்டோடு உருண்டையாக அச்சில் போட்டு அழுத்தினால் நூல் நூலாக விழும். இங்கே ஒறம்பரை வந்தாலும் சரி, நல்ல காரியம் ஆனாலும் சரி, சந்தகை இல்லாமல் நடக்காது. அதைப் பிழிய ஒரு பெரிய மரம். கீழே குழிவிட்ட அடிக்கட்டை, குழியின் அடியில் ஓட்டைத் தகடு. மேலே ஆள் நீளத்துக்கு ஒரு அமுக்கு மரம். ஒருத்தர் குழியில் உருண்டை போடவேண்டும், ஒருத்தர் மரத்தின் கடைசியைப் பிடித்துத் தொங்கி அழுத்தவேண்டும். ஒற்றை ஆளால் ஆகாத வேலை.

"அடிக்கட்டை எங்க பங்கு. அமுக்கு மரம் என்ற தங்கச்சி பங்கு" என்றார் நல்லம்மாள்.

பிறகு சொன்னார். அக்கா தங்கை இரண்டு பேரும் அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு இந்த ஒரே வீட்டுக்கு வந்தவர்கள். மாமனார் போனபிறகு அண்ணன் தம்பிக்குள் வாய்க்கால் தண்ணீர் முறையில் வார்த்தை தடித்து, பாகம் பிரிக்கிற வரைக்கும் போய்விட்டது. பிரித்துவைக்க வந்த பெரியவர்கள் காட்டைச் சரியாகத்தான் பிரித்தார்கள். கொட்டகைச் சாமானுக்கு வந்ததும், ஒருத்தருக்கும் கூடக் குறையப் போகக்கூடாது என்று ஒவ்வொன்றாக எடுத்து, "இது பெரியவனுக்கு, இது சின்னவனுக்கு" என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வைத்துக்கொண்டே போனார்கள். உரல் ஒரு உருப்படி, உலக்கை ஒரு உருப்படி. பொழுது இறங்கும்போது இரண்டு பக்கமும் கணக்கு நேராக இருந்தது. மாவு இடிக்க மட்டும் ஒரு வீட்டிலும் முடியாது!

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிங்க சாமி, பரவால்ல. அன்னைக்குத்தான் ஒருத்தருக்கும் சிரிப்பு வரலீங்க. ரெண்டு பேரும் கோயில் முன்னால கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணிட்டாங்க. ஒருத்தர் சாமானை ஒருத்தர் கேக்கறதில்ல, ஒருத்தர் மண்ணுல ஒருத்தர் காலடி வெக்கறதில்லைன்னு. ஆம்பளைங்களுக்கு என்னங்க, சாலும் வடமும் போனா மோட்டார் வந்துருச்சு. எனக்கு ஒண்ணு போனா ஒண்ணு வருமா?"

"வேற சந்தகை மரம் எரவல் வாங்கலாமேம்மா?"

"மரம் எரவல் கெடைக்குமுங்க. தங்கச்சி எரவல் கெடைக்குமா?" என்றார். கண் நிறைந்துவிட்டது. சேலையால் துடைத்துக்கொண்டு, "ஞாயித்துக்கெழமை ராசாமணிக்கு உறுதி பேச மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க வாராங்க. இவ என்னடான்னா..." என்று மகளைக் காட்டினார்.

ராசாமணி முன்னால் வந்து நின்றாள். "என்னைத் தூக்கி வளத்தது எங்க சின்னம்மா. அதுக்குப் புள்ளையும் இல்ல. அது இல்லாம நான் வந்து சபையில நிக்கமாட்டேன். சின்னம்மா அமுக்கின சந்தகையத்தான் வர்றவங்க இலையில வெக்கோணும். இல்லீன்னா வந்த வழியே போவட்டும்."

"பாத்தீங்களா? இவங்கப்பாவுக்கு இது தெரியாது. தெரிஞ்சா என்ன ஆவுமோங்க" என்றார் அம்மாள்.

சனிக்கிழமை காலையில் பண்ணையில் நார் வேலை. கோடையில் காட்டு வேலை ஓய்ந்த நேரம்தான் கயிறு திரிக்க நேரம். ஊறப்போட்ட கத்தாழை மடலைக் கல்லில் வைத்துக் கட்டையால் அடித்து அலசினால் வெள்ளை வெளேரென்று நார். பெண்கள் அடிக்கிறார்கள், ஆண்கள் ஆளுக்கு ஒரு நுனியைப் பிடித்து முறுக்கேற்றிக்கொண்டே பின்னால் நடக்கிறார்கள். நூலென்றால் எனக்குத் தெரியாததா என்று சேலையைச் சொருகிக்கொண்டு நானும் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் இரண்டு கையும் முழங்கை வரைக்கும் அரிப்பெடுத்துச் சிவந்துபோயிற்று. "காஞ்ச நாரைத் தொட்டிருக்கோணும் டீச்சரம்மா, கத்தாழைத் தண்ணிய யாரு தொடச் சொன்னா!" என்று பெண்கள் எல்லாரும் ஒட்டுக்கா சிரித்தார்கள். மோரை ஊற்றிக் கழுவிவிட்டார்கள். சூசையின் சிரிப்புத்தான் எல்லாவற்றிலும் சத்தம். முந்தின நாள் கோழிக்கு வட்டியோடு தீர்த்துக்கொண்டார்.

நல்லம்மாள் அங்கே இல்லை. சமையல் பக்கம் போய்ப் பார்த்தால், பெரிய அண்டாவில் அரிசி ஊறிக்கொண்டிருந்தது.

"எதுக்கும்மா இவ்வளவு அரிசி?"

"தோசைக்கு ஆவுமுங்க" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

அதற்குமேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. கொட்டகையின் மறு பாதியை நான் பார்த்தாக வேண்டும், பாதியைப் பார்த்துவிட்டு மதரிடம் என்ன சொல்வேன் என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, அரிக்கிற கையோடு கிளம்பினேன். நடுவில் இருப்பது ஒரு படல். ஆனால் போக வேண்டிய வழி வாய்க்கால் மேடு, வேலிக்காத்தான், நாய் எல்லாம் தாண்டி ஊர் சுற்றி.

தங்கை பாவாயி அக்காவில் பாதி உயரம், குரல் மட்டும் இரண்டு பங்கு. நான் யார் என்று சொல்லி முடிப்பதற்குள், "தெரியுமுங்க, சேலத்து டீச்சரம்மா. வெள்ளிக்கெழமை கோழியடிச்சு ஒருத்தரும் திங்காத ஒறம்பரை!" என்றார். படலுக்குக் காது இருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பனங்காயைச் சீவி நுங்கு கொடுத்தார். அந்தக் கொட்டகைப் பாதியையும் காட்டினார். சுவரோரம் உலக்கை, குழவி, திருகையின் மேல்கல், சுருட்டி வைத்த வடம். எல்லாம் இங்கேயும் எண்ணெய் பூசித்தான் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே, இரண்டு கயிற்றில் தொங்கிக்கொண்டு அமுக்கு மரம். ஒரு முனை கை பட்டுப் பட்டு வழுவழுவென்று தேய்ந்திருந்தது.

"அந்த மரத்தை எனக்குக் கொஞ்சம் இரவல் குடுங்கம்மா. நான் கேக்கறேன், உங்க அக்கா கேக்கலை. நான்தான் சத்தியம் கித்தியம் ஒண்ணும் பண்ணலையே" என்றேன். எப்படி என் யோசனை என்று எனக்கே பெருமை.

பாவாயி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மரத்த மட்டும் கொண்டுபோயி? யாரு அமுக்கறது? எங்கக்காவா? அவ அமுக்கினா நூலா உழுவாதுங்க, வடக்கயிறாட்டந்தான் உழுவும்."

"அப்ப நீங்களே வாங்களேன்."

"காலடி வெக்கமாட்டோம்னு சத்தியமுங்க. நானா பண்ணுனேன், அவரு பண்ணுனாரு. புருசன் பண்ணுனா பொண்டாட்டிக்கும் சேத்தித்தான." கொஞ்ச நேரம் நுங்குத் தோலைக் கீறிக்கொண்டிருந்தார். பிறகு தலையை நிமிர்த்தாமல் கேட்டார். "ராசாமணி எளைச்சுட்டாளாங்க? அவங்கப்பாவுக்குப் பயந்து இங்க வரமாட்டா, படலோரம் வந்து நிப்பா, குரல் கேக்கும். மூஞ்சி பாத்து நாளாச்சு. பொம்பளப் புள்ளை மூஞ்சி ஒரு வருசத்துல மாறிரும் பாருங்க."

இளைக்கவில்லை என்றேன். அவள் வைத்திருக்கிற பிடிவாதத்தைச் சொன்னேன். பாவாயி எழுந்து போய் விளக்கெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவந்து, ஏற்கனவே பளபளத்த மரத்துக்கு இன்னும் எண்ணெய் தேய்க்க ஆரம்பித்தார். வெறுங்கையோடு திரும்பி வந்தேன். போன காரியம் ஒன்றும் ஆகவில்லை என்றுதான் நினைத்தேன். "ஊர் வம்பை விலைக்கு வாங்குவதே உன் பிழைப்பு" என்றார் சூசை. ஆனால் அவரும் இரண்டு தடவை படல் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் நல்லம்மாள் ஆட்டின மாவை வேகவைத்துக்கொண்டிருந்தார். தோசைக்கு யாராவது மாவை வேகவைப்பார்களா? நான் ஒன்றும் கேட்கவில்லை. ராசாமணி தலை வாராமல் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பெரியவர், அதாவது நல்லம்மாளின் வீட்டுக்காரர், வருகிறவர்களுக்குக் கட்டில் தேட வெளியே போயிருந்தார். எங்களுக்கு அன்றைக்குப் பூசை கிடையாது, பக்கத்தில் மாதா கோயில் இல்லை. நான் ஜெபமாலையை எடுத்துக்கொண்டு கொட்டகைப் பக்கம் போய் உட்கார்ந்தேன்.

சரசரவென்று ஒரு சத்தம். பாம்போ என்று காலைத் தூக்கிக்கொண்டேன். படலின் நடுவில், இடுப்பு உயரத்தில், ஓலையை விலக்கிக்கொண்டு எண்ணெய் வடிய ஒரு மர முனை வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக முழ நீளம், இரண்டு முழ நீளம் என்று வந்து நின்றது.

"அம்மா! நல்லம்மா!" என்று நான் போட்ட கூச்சலில் மாடெல்லாம் எழுந்துகொண்டது.

நல்லம்மாள் ஓடிவந்தார். பார்த்தார். நானும் அவரும் ராசாமணியும் சூசையும் சேர்ந்து அடிக்கட்டையை இழுத்துவந்து படலை ஒட்டிப் போட்டோம். மரத்தின் முனையை அடிக்கட்டையின் முளையில் மாட்டினோம். அடிக்கட்டை இந்தப் பக்கம், மரத்தின் கைப்பிடி அந்தப் பக்கம். நடுவில் படல். நல்லம்மாள் ஓடிப்போய் ஆவி பறக்கும் உருண்டைகளைக் கூடையோடு கொண்டுவந்தார். தண்ணீரில் கையை நனைத்து முதல் உருண்டையைக் குழியில் வைத்துவிட்டு, படலைப் பார்த்து, மெதுவாக,

"ம்" என்றார்.

மரம் இறங்கியது. தகட்டுக்குக் கீழே வெள்ளை நூல்கள் பொலபொலவென்று தட்டில் விழுந்தன. அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது:

"உப்புப் போட்டியா? நீ மறந்துருவ."

"போட்டேன், போட்டேன். நீ மெதுவா அமுக்கு. ஒடைச்சுப் போடாத."

"நான் ஒடைக்கிறனா? நீ உருண்டைய ஒழுங்கா உருட்டு."

நாலு வருஷம் பேசாத அக்கா தங்கை முதன்முதலில் பேசினது இதுதான். ராசாமணி தட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். கண்ணீர் தட்டில் விழுந்துவிடும் என்று நான் என் முந்தானையை நீட்டினேன்.

மரம் மேலே போய்க் கீழே இறங்க ஓலை கிழிய வேண்டும் அல்லவா? ஒவ்வொரு உருண்டைக்கும் படல் இன்னும் கொஞ்சம் கிழிந்தது. முதலில் கை நுழைகிற அளவு. பிறகு தலை நுழைகிற அளவு. கூடை பாதி தீர்ந்தபோது அந்தக் கிழிசலில் பாவாயியின் முகம் தெரிந்தது. வியர்த்து, தலை கலைந்து, மரத்தின்மேல் முழு உடம்பையும் போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தார். ராசாமணியைப் பார்த்ததும் மரத்தை அப்படியே பாதியில் விட்டுவிட்டார்.

"எளைக்கலை" என்றார் என்னைப் பார்த்து. "பொய் சொல்லலீங்க நீங்க."

அந்த நேரம் பார்த்துத்தானா பெரியவர் வரவேண்டும்! தலையில் கட்டிலோடு வந்தவர், அதை இறக்கி வைத்துவிட்டு நின்றார். கிழிந்த படலைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். நல்லம்மாள் கையில் உருண்டையோடு சிலையாகிவிட்டார். எனக்கு மாதாவின் பெயரைத் தவிர வேறொன்றும் வாயில் வரவில்லை. பெரியவர் கூரையில் சொருகியிருந்த அருவாளை உருவினார்.

நேராகப் படலண்டை போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"மரம் இடிக்குது பாரு. இப்படி இருந்தா எப்படி அமுக்கறது?" என்று யாரிடமோ சொல்வது மாதிரி சொல்லிவிட்டு, ஓலையை மேலேயிருந்து கீழே ஒரே சீராக வெட்ட ஆரம்பித்தார்.

அந்தப் பக்கத்து இருட்டிலிருந்து ஒரு ஆண் குரல். சின்னவர். எவ்வளவு நேரமாக அங்கே நின்றாரோ.

"அண்ணா, கீழ மூங்கில் குச்சி இருக்குது. கையப் பாத்து."

"ம்" என்றார் பெரியவர். வெட்டிக்கொண்டே இருந்தார். பிறகு மூக்கை உறிஞ்சினார். ஓலைத் தூசி என்று சொல்லிக்கொண்டார்.

சாமானைக் கேட்கவும் இல்லை, காலடி வைக்கவும் இல்லை. கற்பூரத்துக்குக் கொடுத்த வாக்கு அப்படியே இருந்தது. ஆள் நுழைகிற அளவு வழி திறந்தபிறகும் ஒருத்தரும் அதைத் தாண்டவில்லை. இந்தப் பக்கம் அண்ணனும் அண்ணியும், அந்தப் பக்கம் தம்பியும் பாவாயியும், நடுவில் வெட்டின ஓலைக் குப்பை. மாப்பிள்ளை வீட்டு வண்டிகளின் சலங்கை வேறு கேட்க ஆரம்பித்துவிட்டது.

"நான் ஒண்ணும் சத்தியம் பண்ணுலீயே" என்றாள் ராசாமணி. குனிந்து வழியில் நுழைந்து அந்தப் பக்கம் போய்ச் சின்னம்மாவின் முன்னால் உட்கார்ந்து, "தலை வாரிவுடு" என்றாள்.

பாவாயி அவள் தலையைப் பிடித்துக்கொண்டு அழுத அழுகையில் எங்கள் எல்லாருக்கும் அழுகை வந்துவிட்டது. சூசை வெளியே போய்விட்டார்.

வந்தவர்களை வீட்டில் உட்காரவைக்கவில்லை. பெரியவர் நீளப் பாய்களைக் கொண்டுவரச் சொல்லி, கொட்டகையில், அந்த வழியின் குறுக்காகவே விரிக்கச் சொன்னார். பாயில் பாதி இந்த வீட்டு மண், பாதி அந்த வீட்டு மண். அவரவர் மண்ணில் அவரவர் உட்கார்ந்தார்கள். எல்லார் இலையிலும் சந்தகை, தேங்காய்ப்பால், சர்க்கரை. கோழியும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆயிற்றே! சூசைக்கு நானே இரண்டு தடவை கேட்டு வைத்தேன்.

மாப்பிள்ளையின் தாத்தா படலையும் பாயையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பெண் அந்தப் பக்கமிருந்து வந்து நிற்கிறாள், பேச்சோ இந்தப் பக்கம் நடக்கிறது.

"ஏனுங்க, பொண்ணு எந்த ஊட்டுப் பொண்ணுங்க?"

சின்னவர் தலையைக் குனிந்துகொண்டார். பெரியவர்தான் பதில் சொன்னார்.

"ரெண்டு ஊட்டுக்கும் ஒரே புள்ளைங்க."

சேலம் வந்ததும் பூசை தவறினதை எங்கள் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி, நடந்ததையும் சொன்னேன். அவர், சந்தகைக்குத் தேங்காய்ப்பாலா, வெல்லப்பாகா என்று கேட்டார். மதரிடம், தாராளமாகப் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாம் என்று சொன்னேன்.

பள்ளிக்கூடம் திறந்து கூட்டிப்போனபோது ஆற்றில் தண்ணீர் வந்திருந்தது. உலக்கை உரலுக்குள் இருந்தது, குழவி ஆட்டுக்கல்லில் உட்கார்ந்திருந்தது. படலும் இருந்தது. எடுத்தால் சத்தியம் என்னாவது? அதில் வெட்டின வழிக்கு மட்டும் ஓரம் கட்டி, சாணம் மெழுகி, கோலம் போட்டிருந்தார்கள். அக்கா இந்தப் பக்கமும் தங்கை அந்தப் பக்கமுமாக உட்கார்ந்து பிள்ளைகளுக்குச் சந்தகை பிழிந்தார்கள். எங்கள் வகுப்புப் பெண் ஒருத்தி, "இந்த வேலியிலே ஏன் ஓட்டை விட்டிருக்கீங்க?" என்று கேட்டாள்.

பாவாயி மரத்தை அழுத்திக்கொண்டே சொன்னார்:

"மரம் இடிச்சுது கண்ணு."